பழைய புல்லட், ஐபோன் ஆன்லைனில் வாங்குறீங்களா, விக்கிறீங்களா? புதுச்சேரிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய மோசடிகள் - முழு விவரம்

"புல்லட் 350, 2021 மாடல், ஒரே ஓனர், விலை ரூ.45,000. அவசர விற்பனை."

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஓஎல்எக்ஸ் பக்கங்களைத் தள்ளிக்கிட்டே போகும்போது இந்த மாதிரி ஒரு விளம்பரம் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். அதே வண்டியை வில்லியனூரிலோ லாஸ்பேட்டையிலோ ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் கேட்டுப் பாருங்க. லட்சத்தை ஒட்டித்தான் விலை சொல்வாங்க. அப்போ ஆன்லைனில் மட்டும் எப்படிப் பாதி விலை?

பெரும்பாலும் அந்த வண்டி விற்பனைக்கே இல்லை என்பதுதான் பதில். வேறு யாரோ போட்ட விளம்பரத்திலிருந்து போட்டோவைத் திருடி, விலையைக் குறைத்துப் போட்டிருப்பாங்க. வாங்குறவங்க மட்டுமில்லை, பொருளை விற்க விளம்பரம் போடுறவங்களும் இதே கும்பல்களிடம் பணத்தை இழக்கிறாங்க. இந்த மோசடிகள் எப்படி நடக்குது, எங்கே உஷாராகணும், பணம் போயிட்டா முதல் வேலையா என்ன செய்யணும்? பார்க்கலாம்.

எல்லா மோசடிக்கும் அடிப்படை ஒன்றுதான்

நம்ம ஊரில் பழைய பொருள் வாங்குவது புதுசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேன்ட், ஷூவில் ஆரம்பித்து பழைய புத்தகம், சாமான் வரை பேரம் பேசி வாங்குறோம். அங்கே ஏமாந்தால் 100, 200 ரூபாயோடு போகும். ஏன்னா பொருள் உங்க கையில இருக்கு, ஆள் உங்க எதிரில் நிற்கிறார், பணம் கடைசியில்தான் கைமாறுது.

ஆன்லைன் மோசடி செய்றவங்க இந்த மூன்றையும் பிரிச்சு வைக்கிறாங்க. பொருள் ஒரு இடம், ஆள் ஒரு இடம், பணம் போவது மூன்றாவது இடம். "ராணுவத்தில் இருக்கேன்", "ஊருக்கு மாற்றலாயிடுச்சு", "கூரியரில் அனுப்புறேன்", "என் மச்சான் வந்து காட்டுவார்" என்று அவங்க சொல்ற கதை எதுவானாலும், இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் நோக்கம். இதை மனசில் வெச்சுக்கிட்டுப் படிங்க, கீழே வரும் ஒவ்வொரு மோசடியும் சுலபமாகப் புரியும்.

மோசடி 1: "நான் ராணுவ வீரர் பேசுறேன்"

வாங்குறவங்களைக் குறிவைத்து நாடு முழுக்கப் பல வருஷமா நடக்கும் மோசடி இது. விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்கு மெசேஜ் போட்டால், எதிர்முனையில் இருப்பவர் தன்னை ராணுவத்தில் அல்லது சிஐஎஸ்எஃப் படையில் பணிபுரிபவர் என்பார். வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது, அதனால்தான் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பார். நம்புவதற்காக சீருடை போட்டோ, ராணுவ அடையாள அட்டை, ஆதார், ஆர்சி புக் எல்லாம் வாட்ஸ்ஆப்பில் வந்து விழும்.

வண்டியைப் பார்க்கணும் என்றால், "முகாமுக்குள் இருக்கு, வெளியாட்களை விடமாட்டாங்க" அல்லது "விமான நிலைய பார்க்கிங்கில் நிற்குது" என்று பதில் வரும். "ராணுவ பார்சலில் வீட்டுக்கே வந்துடும். 2 ஆயிரம் மட்டும் இப்போ கட்டுங்க, மீதி வண்டி வந்த பிறகு" என்பார்.

அந்த 2 ஆயிரம்தான் தூண்டில். கட்டியதும் வண்டி லாரியில் ஏற்றப்பட்ட மாதிரி ஒரு போட்டோவும், ராணுவ முத்திரை போட்ட ஒரு ரசீதும் வரும். அடுத்த நாள் "கேட் பாஸ் கட்டணம்", அதற்கடுத்து "ஜிஎஸ்டி", "இன்சூரன்ஸ்", "லேட் ஃபீஸ்". ஒவ்வொன்றுக்கும் "இது திரும்பக் கிடைக்கும் தொகைதான்" என்ற வார்த்தையும் சேர்ந்து வரும். ஏற்கெனவே கட்டியது வீணாகிடுமே என்ற பயத்திலேயே மேலும் மேலும் பணம் கட்டுறாங்க. கடைசியில் நம்பர் சுவிட்ச் ஆஃப்.

ஏன் ராணுவ வேஷம்? இரண்டு காரணம். ராணுவ வீரர் என்றால் மக்களுக்கு இயல்பாகவே மரியாதை. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய சொல்தாக்களின் குடும்பங்கள் இன்றும் வாழும் புதுச்சேரியில் அந்த மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இரண்டாவது காரணம், நேரில் வராததற்கும், முகாமுக்குள் உங்களை விடாததற்கும், தமிழ் தெரியாததற்கும் ராணுவ வேலை ஒரு ரெடிமேட் சாக்கு.

அந்த அடையாள அட்டை யாருடையது? இதற்கு முன் ஏமாந்த ஒருவர் நம்பி அனுப்பிய ஆவணமாக இருக்கலாம், அல்லது போலியாகத் தயாரித்ததாக இருக்கலாம். அதனால் வாட்ஸ்ஆப்பில் வரும் அடையாள அட்டை எதுவும் ஆதாரம் ஆகாது. நீங்களும் உங்க ஆதார், பான் கார்டு படத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பாதீங்க. அடுத்த மோசடியில் உங்க பெயரில்தான் "ராணுவ வீரர்" பேசுவார்.

மோசடி 2: "பணம் அனுப்ப க்யூஆர் கோடு அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணுங்க"

இது விற்பவர்களுக்கான வலை. இதில் சிக்குவது படிக்காதவங்க மட்டும்தான் என்று நினைச்சா அது தப்பு.

2021 பிப்ரவரியில் அன்றைய டெல்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள், பழைய சோபா ஒன்றை விற்க ஓஎல்எக்ஸில் விளம்பரம் போட்டார். வாங்குவதாகச் சொன்ன நபர், கணக்கு சரியா என்று பார்க்க முதலில் ஒரு சின்னத் தொகையை அனுப்பினார். அது வந்து சேர்ந்தது. நம்பிக்கை வந்த பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்தால் மீதிப் பணம் வரும் என்றார். ஸ்கேன் செய்ததும் ரூ.20,000 கணக்கிலிருந்து போனது. "தவறான கோடு அனுப்பிட்டேன், இதை ஸ்கேன் பண்ணுங்க, திரும்ப வந்துடும்" என்று இன்னொரு கோடு. அதில் ரூ.14,000. மொத்தம் ரூ.34,000. முதல்வர் வீட்டிலேயே நடந்தது என்பதால் நாடு முழுக்கச் செய்தியானது. டெல்லி போலீஸ் அந்த மாதமே சிலரைக் கைது செய்தது.

இதில் மறக்கவே கூடாத விதி ஒன்றுதான்: யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்புவதற்கு மட்டும்தான். உங்க கணக்குக்குப் பணம் வருவதற்கு நீங்க எந்தக் கோடையும் ஸ்கேன் பண்ண வேண்டாம், எந்த நம்பரையும் அழுத்த வேண்டாம். பின் நம்பர் கேட்கும் திரை வந்தாலே, அது உங்க பணம் வெளியே போகும் திரை. (வங்கி இருப்பைப் பார்க்கவும் பின் கேட்கும். ஆனால் அதை நீங்களாகத் திறக்கிறீங்க, வேறு யாரும் சொல்லி இல்லை.)

முன்பெல்லாம் "பணம் கேட்கும் கோரிக்கை" அனுப்பியும் ஏமாற்றினாங்க. கோரிக்கையை "ஓகே" கொடுத்து பின் போட்டால் பணம் போய்விடும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசிய பேமென்ட்ஸ் கழகம் நிறுத்திவிட்டது. ஆனால் க்யூஆர் கோடு இன்னும் இருக்கு. தொகை நிரப்பிய கோடை ஸ்கேன் செய்து பின் போட்டால், இன்றும் பணம் போகும்.

யார் இவர்கள்?

இந்த வகை மோசடிகளில் போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர் மேவாத். ஹரியானாவின் நூஹ் மாவட்டமும், அதை ஒட்டிய ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார் பகுதிகளும் சேர்ந்த வட்டாரம். 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானா போலீஸார் சுமார் 5,000 பேர் நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே இரவில் சோதனை நடத்தினாங்க. 60-க்கும் மேற்பட்டோர் கைதானாங்க. அவங்களிடம் கிடைத்த போன்கள், சிம் கார்டுகள், வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தபோது, நாடு முழுவதும் சுமார் 28,000 பேரிடம் ஏறத்தாழ ரூ.100 கோடி மோசடி நடந்தது தெரிய வந்ததாக ஹரியானா போலீஸ் அறிவித்தது.

சிம் கார்டு ஒரு மாநிலத்தில் வாங்கியது, வங்கிக் கணக்கு இன்னொரு மாநிலத்தில் யாரோ ஒருவர் பெயரில், பேசுபவர் மூன்றாவது மாநிலத்தில். அதனால்தான் போன் நம்பரை வைத்து ஆளைப் பிடிப்பதும், போன பணத்தை மீட்பதும் அவ்வளவு கஷ்டம். போகாமல் பார்த்துக்கொள்வதுதான் சுலபம்.

மோசடி 3: நேரில் பார்த்தும் ஏமாறுவது எப்படி?

"நான்தான் நேரில் பார்த்துத்தானே வாங்குறேன், எனக்கென்ன பயம்?" என்பவர்களுக்கான மோசடி இது. மூன்று பேர் சம்பந்தப்பட்ட முக்கோண மோசடி.

உதாரணத்துக்கு இப்படி வெச்சுக்கலாம். முதலியார்பேட்டையில் இருக்கும் ஒருவர் தன் காரை ரூ.4 லட்சத்துக்கு விற்க விளம்பரம் போடுறார். மோசடிக்காரர் அதைப் பார்த்து, அதே படங்களை வைத்து ரூ.3 லட்சத்துக்கு இன்னொரு விளம்பரம் போடுவார். அதைப் பார்த்து கடலூரில் இருந்து ஒருவர் அழைப்பார்.

மோசடிக்காரர் கார் ஓனரிடம் சொல்வது: "எனக்கு கார் பிடிச்சிருக்கு, 4 லட்சம் ஓகே. என் தம்பி வந்து பார்ப்பான். அவனுக்கு நான் பணம் தரணும், அதனால் விலையைப் பத்தி அவன்கிட்ட பேசாதீங்க."

கடலூர்க்காரரிடம் சொல்வது: "கார் என் மச்சான் வீட்டில் இருக்கு. போய்ப் பாருங்க. அவர்கிட்ட விலை பேச வேண்டாம், குடும்பத்துக்குள்ள ஒரு பிரச்னை."

இருவரும் நேரில் சந்திப்பாங்க. கார் நிஜம், ஆர்சி நிஜம், ஓட்டிப் பார்த்தாலும் நல்லா இருக்கும். விலை மட்டும் பேசமாட்டாங்க. திருப்தியான கடலூர்க்காரர், போனில் சொன்ன கணக்குக்கு 3 லட்சத்தை அனுப்பிவிட்டு சாவியைக் கேட்பார். ஓனரோ "எனக்கு இன்னும் ஒரு ரூபாய்கூட வரலையே" என்பார். இருவரும் ஒருவரை ஒருவர் திருடன் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, உண்மையான திருடன் பணத்தோடு காணாமல் போயிருப்பார்.

இதிலிருந்து தப்பிக்க இரண்டு விதி போதும்.

• எதிரில் நிற்பவரிடம் விலையை வாய்விட்டுக் கேளுங்க. "விலை பேசாதீங்க" என்று யார் சொன்னாலும் அதுவே அபாய மணி.

• ஆர்சியில் யார் பெயரோ, அவர் பெயரில் இருக்கும் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்க. யுபிஐயில் அனுப்பும் முன் வங்கியில் பதிவான பெயர் திரையில் தெரியும். அது எதிரில் இருப்பவரின் பெயரா என்று பாருங்க.

மோசடி 4: ஸ்கிரீன்ஷாட்டும் "ஓட்டிப் பார்க்குறேன்" டெக்னிக்கும்

விற்பவர்களுக்கு இன்னும் மூன்று ஆபத்து இருக்கு.

முதலாவது, போலி பேமென்ட் ஸ்கிரீன்ஷாட். பச்சை டிக் வரும் மாதிரியே காட்டும் போலி ஆப்கள்கூட இருக்கு. வங்கியிலிருந்து வந்த மாதிரியே எஸ்எம்எஸ்ஸும் அனுப்புவாங்க. "5 ஆயிரத்துக்குப் பதிலா தவறி 50 ஆயிரம் அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வெச்சிருந்த பணம்" என்று கெஞ்சுவாங்க. எஸ்எம்எஸ்ஸை நம்பாதீங்க, அவர் காட்டும் திரையையும் நம்பாதீங்க. உங்க வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்க. பணம் ஏறியிருந்தால் மட்டும் பொருளைக் கொடுங்க.

இரண்டாவது, வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போய்த் திரும்பி வராமல் போவது. "என் பையை வெச்சுட்டுப் போறேன்", "என் நண்பன் இங்கேயே நிப்பான்" என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை. பைக் என்றால் வந்தவரின் சொந்த வண்டியும் ஒரிஜினல் லைசென்ஸும் உங்க கையில் இருக்கட்டும். கார் என்றால் பக்கத்து சீட்டில் நீங்களும் உட்காருங்க. ஸ்பேர் சாவி, ஒரிஜினல் ஆர்சி வண்டிக்குள் இருக்கக் கூடாது.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. உங்க கணக்குக்கு வந்த பணமே வேறு யாரிடமோ மோசடி செய்த பணமாக இருக்கலாம். வாங்க வந்தவர் ஒருவர், பணம் வந்தது முன்பின் தெரியாத இன்னொரு பெயரிலிருந்து என்றால் யோசிங்க. பணத்தை இழந்தவர் புகார் கொடுத்தால், அந்தப் பணம் போன பாதையில் இருக்கும் கணக்குகளை வங்கி முடக்கும். அதில் உங்க கணக்கும் மாட்டும். தப்பு செய்யாமலேயே வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைய வேண்டி வரும். அதனால் வாங்குபவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து மட்டும் பணத்தைப் பெறுங்க. அவருடைய நம்பர், பேசிய சாட், விற்பனை ரசீது எல்லாவற்றையும் பத்திரமா வெச்சுக்குங்க.

பழைய போன், லேப்டாப் வாங்கும் முன்

இங்கே ஆபத்து பணத்தோடு முடிவதில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ, அது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம். 60 ஆயிரம் ரூபாய் போனை பில் இல்லாமல் 12 ஆயிரத்துக்குக் கொடுத்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

• போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். பில், பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகுதா பாருங்க.

• மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அல்லது ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்க. 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சேவை இது. எஸ்எம்எஸ்ஸிலும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு ஐஎம்இஐ எண்ணை டைப் செய்து 14422-க்கு அனுப்புங்க. தொலைந்ததாகப் புகார் கொடுத்து முடக்கப்பட்ட போன் என்றால் தெரிந்துவிடும். அந்த போனில் எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் வேலை செய்யாது.

• ஐபோன் என்றால் பழைய ஓனரின் ஆப்பிள் கணக்கும், ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கும் உங்க முன்னாடியே நீக்கப்படணும். போனை முழுசா அழித்து, உங்க கணக்கைப் போட்டு, ஹோம் ஸ்கிரீன் வந்த பிறகு பணம் கொடுங்க. "பாஸ்வேர்டு அப்புறம் சொல்றேன்" என்றால் வாங்கவே வாங்காதீங்க. பூட்டிய ஐபோன் பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும்.

• லேப்டாப் என்றால் அது கம்பெனி கொடுத்ததா என்று பாருங்க. வேலையை விட்டவர் திருப்பிக் கொடுக்காத லேப்டாப்பை, அந்த நிறுவனம் எங்கிருந்தும் பூட்ட முடியும். கேமரா என்றால் உடலில் இருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்கணும்.

பைக், கார் என்றால்: பெயர் மாற்றம்தான் உயிர்

எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் மாடல், பதிவு தேதி, இன்சூரன்ஸ் காலாவதி, கடன் நிலுவை விவரங்களைப் பார்க்கலாம். ஓனர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும். அதனால் ஒரிஜினல் ஆர்சியையும் விற்பவரின் அடையாள அட்டையையும் நேரில் பாருங்க. ஆர்சியில் இருக்கும் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பரை வண்டியில் குனிந்து பார்த்துச் சரிபாருங்க. இ-சலான் அபராதம் பாக்கி இருக்கா என்பதையும் பார்த்துடுங்க.

கடன் இருக்கும் வண்டி என்றால் ஃபைனான்ஸ் நிறுவனம் கொடுக்கும் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டி என்றால் படிவம் 28, அதாவது என்ஓசி.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிக் கதை இருக்கு. தமிழ்நாடு, கேரளாவை விட இங்கே சாலை வரி குறைவு. அதனால் பிஒய் பதிவெண் வண்டிகளுக்கு வெளியே ஒரு கவர்ச்சி. 2017-ல் மலையாளத் திரையுலகப் பிரபலங்கள் சிலர், போலியான புதுச்சேரி முகவரி கொடுத்து சொகுசு கார்களை இங்கே பதிவு செய்து கேரளாவில் வரியைத் தவிர்த்ததாக வழக்குகள் பதிவானது நினைவிருக்கலாம். எனவே விழுப்புரம், கடலூர்க்காரங்க பிஒய் வண்டியை "விலை கம்மி" என்று வாங்கும் முன், என்ஓசி செலவையும் தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரியையும் கூட்டிப் பாருங்க. ஒரு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓடினால், அங்கே புதுப் பதிவெண் வாங்கணும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். விற்பவர் அந்த முகவரியில் உண்மையிலேயே இருக்கிறாரா என்பதையும் பாருங்க.

விற்பவர்கள் இதைக் கட்டாயம் படிங்க. ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். "டீ.ஓ. ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன், அவர் மாத்திக்குவார்" என்று விட்டால் என்ன ஆகும்? 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த நாளில் ஆர்சியில் யார் பெயரோ அவரே சட்டப்படி ஓனர். நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பும் அவருக்குத்தான்.

விபத்தோடு நிற்பதில்லை. 2025 நவம்பர் 10-ல் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த கார் பல கைகள் மாறிய செகண்ட் ஹேண்ட் கார். போலீஸ் முதலில் தேடிப் போய்ப் பிடித்து விசாரித்தது, அதை எப்போதோ விற்றுவிட்ட, ஆர்சியில் பெயர் இருந்தவரைத்தான். 100 அடி சாலையில் இருக்கும் போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுப் போவது, இதற்கெல்லாம் பார்த்தால் பெரிய செலவில்லை.

எங்கே, எப்படிச் சந்திக்கலாம்?

புதுச்சேரி டவுனில் ஒரு வசதி இருக்கு. கோரிமேட்டில் இருந்து முதலியார்பேட்டைக்கு டூவீலரில் அரை மணி நேரம் போதும். காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு முடிந்து கிளம்பும் மாணவரோ, ஜிப்மரில் இருந்து வேறு ஊருக்குப் போகும் ஊழியரோ உண்மையிலேயே விற்கிறார் என்றால், வந்து காட்ட அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. "புதுச்சேரி" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, புதுச்சேரியில் சந்திக்க மறுக்கிறார் என்றால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நம்பரை பிளாக் செய்துவிடுங்க.

• பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்திங்க. பெரிய தொகை என்றால் வங்கிக் கிளைக்குள்ளேயே பணத்தைக் கொடுக்கலாம். சிசிடிவி இருக்கும், நோட்டையும் எண்ணிக்கலாம்.

• போன், கேமரா என்றால் நேரு வீதி மாதிரி கடைகள் இருக்கும் இடம் நல்லது. தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்குத் தடை. அதனால் பைக் ஓட்டிப் பார்க்க அது இடமில்லை.

• தனியா போகாதீங்க. வீட்டில் ஒருவரிடம் எங்கே, யாரைப் பார்க்கப் போறீங்க என்று சொல்லிட்டுப் போங்க.

• பேச்சுவார்த்தை அந்தத் தளத்தின் சாட்டிலேயே இருக்கட்டும். அவங்க அனுப்பும் லிங்க்கைத் தொடாதீங்க, எந்த ஆப்பையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க, ஓடிபி சொல்லாதீங்க.

• "இன்னொருத்தர் அட்வான்ஸ் தர ரெடி, 10 நிமிஷத்தில் சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால், அந்த இன்னொருத்தருக்கே போகட்டும் என்று விட்டுடுங்க.

பணம் போயிட்டா? முதல் ஒரு மணி நேரம் முக்கியம்

வெட்கப்பட்டு, வீட்டில் சொல்லப் பயந்து, ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் புகார் கொடுப்பதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும். அதனால் இந்த வரிசையில் செய்யுங்க.

1. உடனே 1930-க்கு அழையுங்க. இது மத்திய உள்துறையின் சைபர் நிதி மோசடி உதவி எண். புகார் பதிவானதும், பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பாங்க. அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்கும் தகவல் போகும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீங்களோ, அவ்வளவு வாய்ப்பு.

2. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்க வங்கி, கணக்கு விவரம், பரிவர்த்தனையின் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண், போன தொகை, நேரம், மோசடிக்காரரின் நம்பர், யுபிஐ முகவரி.

3. உங்க வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கும் சொல்லுங்க. அந்த நம்பரை கூகுளில் தேடாதீங்க, போலி நம்பர்கள் அங்கேயும் இருக்கு. கார்டின் பின்பக்கம் அல்லது வங்கி ஆப்பில் இருக்கும் நம்பருக்கு மட்டும் அழையுங்க.

4. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் (சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்) புகாரைப் பதிவு செய்யலாம். புதுச்சேரி சைபர் கிரைம் போலீஸில் நேரிலும் புகார் கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் தட்டிக்கழிக்க முடியாது. எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்ய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவு வழி செய்கிறது.

5. சாட், விளம்பரம், க்யூஆர் கோடு, ரசீது எதையும் கோபத்தில் அழிச்சுடாதீங்க. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. விளம்பரத்தை அந்தத் தளத்திலும் ரிப்போர்ட் செய்யுங்க.

இங்கே ஒரு கசப்பான உண்மையும் இருக்கு. உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் வங்கிக்குப் பொறுப்பு உண்டு என்கிறது ரிசர்வ் வங்கியின் விதிமுறை. ஆனால் ராணுவ பார்சல், க்யூஆர் கோடு மோசடிகளில் பின் நம்பரைப் போட்டு அனுமதி கொடுத்தது நீங்களே. அதனால் அந்த விதியைக் காட்டி வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம். 1930 மூலம் நிறுத்தி வைக்கப்பட்ட தொகை இருந்தால்தான், அது திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

புகார் கொடுத்த சில நாளில் "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று போலீஸ் பெயரிலோ வக்கீல் பெயரிலோ அழைப்பு வரலாம். அது அடுத்த ரவுண்டு மோசடி. பணத்தை மீட்க எந்த போலீஸும் கட்டணம் கேட்காது.

ஏமாற்றுபவர்களுக்கு என்ன தண்டனை? மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ன் கீழ் 7 ஆண்டுகள் வரை சிறை. ராணுவ வீரர் மாதிரி ஆள்மாறாட்டம் செய்து கணினி, போன் வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும்.

சுருக்கமா மனசில் வெச்சுக்க

• பொருளைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் இல்லை.

• பணம் வர பின் நம்பர் தேவையில்லை.

• விலையை நேரில் பேசுங்க. எதிரில் இருப்பவர் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்க.

• போனுக்கு ஐஎம்இஐ, வண்டிக்கு ஆர்சி பெயர் மாற்றம். இரண்டும் முடியாமல் வியாபாரம் முடிந்ததாக நினைக்காதீங்க.

• ஏமாந்தால் உடனே 1930.

வீட்டில் பழைய ஃப்ரிட்ஜையோ கட்டிலையோ விற்க அப்பா, அம்மா ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தால், யுபிஐ பின் நம்பர் விஷயத்தை மட்டுமாவது இன்றைக்கே அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடுங்க. 1930 என்ற எண்ணையும் அவங்க போனில் சேவ் செய்து வையுங்க.